ரசத்தில் விழுந்த வசம்பு

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மடம். அதன் குரு உலகம்மை. வயது முப்பத்திரண்டுதான். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். இருந்தாலும் எல்லாரும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடர்களில் ஒருவர் சுடலைமணி. முன்பு பனையேறியாக இருந்தவர். முறுக்கு மீசை, நல்ல ஆகிருதி. ஒருநாள் பாதி மரத்தில் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது. மூச்சு அடைத்தது. உயிர் போகிற மாதிரி இருந்தது. எப்படியோ இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு தரையிலும் வந்தது. சந்தையில் வந்தது, கல்யாண வீட்டில் வந்தது. நாலு பேர் கூடினாலே வந்தது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் கையில் கட்டியிருந்த வசம்பு ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கறுப்புக் கயிற்றோடு எடுத்து, அவர் தோள்துண்டின் ஓரத்தில் முடிந்துவிட்டாள் பெண்சாதி. நெஞ்சு அடிக்கும்போது முகம் துடைப்பது போல அதை மோந்துகொள்வார். அந்த வாசம் ஏறினால் மூச்சு மெல்லத் திரும்பும். பெண்சாதியைத் தவிர யாருக்கும் தெரியாது.

மடத்தில் குருபூசை வந்தது. அன்றைக்குப் பரிமாறுகிறவர்கள் தோளில் துண்டு போடக்கூடாது. மரியாதைக்கு இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ரசம் ஊற்றும் முறை சுடலைமணிக்கு.

பந்தியில் ஐம்பது பேர். பார்த்ததுமே நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. இடுப்பில் இருக்கிற துண்டை எப்படி மோப்பது? முடிச்சை அவிழ்த்து, வசம்பை வாளி பிடித்த இடது கைக்குள் மறைத்துக்கொண்டார். உள்ளங்கை வியர்த்திருந்தது. எந்த இலைக்குக் குனிந்தபோது அது வாளிக்குள் நழுவி விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

பந்தி வரிசையின் கடைசியில் ஒருவர் கத்தினார்.

"என்ன வே இது, சோத்துல கட்டை கெடக்கு?"

பக்கத்து இலைக்காரர் எடுத்துப் பார்த்தார். "கட்டை இல்ல வே. கயிறு இருக்கு பாரும். பச்சப்பிள்ளைக்குக் கட்டுத வசம்புல்லா!"

"அப்ப சாப்பிட்டதும் நமக்கு ஒரு தொட்டில் கட்டச் சொல்லும்!"

பந்தியே சிரித்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மடத்தில் கைக்குழந்தை ஒன்றுதான். சமையல் செய்கிற செண்பகத்தின் பிள்ளை. பந்தி ஓரத்தில் நின்ற அவள் ஓடிப்போய்ப் பிள்ளையின் கையைப் பார்த்தாள். வசம்பு இல்லை. திரும்பி வந்து பந்தி முன்னால் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எம் பிள்ளையோடதுதான். பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டே ரசத்தைக் கிண்டினேன். தெரியாம விழுந்துட்டு. மன்னிச்சிருங்க."

"பிள்ளைக்காரிய அடுப்படியில விட்டா இப்படித்தான்" என்றார் ஒருவர்.

அவள் முகம் கன்றிப்போயிற்று. சுடலைமணி வாளியோடு நின்றார்.

பந்தி முடிந்ததும் அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அம்மா, அது என்னோடது."

"தெரியும்."

"எப்படிம்மா?"

"செண்பகமும் நீங்களுந்தான் சிரிக்கல."

சுடலைமணி தரையைப் பார்த்தபடியே பேசினார். "நாப்பது வயசாச்சு. பிள்ளைச் சாமானை மோந்துகிட்டு அலையுதேன். இதை எப்படிம்மா விடுறது?"

அம்மா மடியிலிருந்து வசம்பை எடுத்தார். இலையில் கிடந்ததை வாங்கிக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

"இது செண்பகம் பிள்ளையோடதாம். கொண்டுபோய்க் கையில கட்டிவிட்டுட்டு வாங்க."

"அம்மா..."

"போங்க."

செண்பகம் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. பிள்ளையின் கையில் வசம்பு இருந்தது.

"தொட்டில் சேலைக்குள்ளேயே கெடந்திருக்கு, அண்ணாச்சி. வீணா அத்தனை பேர் முன்னால கும்பிட்டுட்டேன். அப்ப ரசத்துல கெடந்தது யாரோடது?"

சுடலைமணிக்கு அன்றைய பாதி மரம் நினைவுக்கு வந்தது. மேலேயும் போக முடியாது. கீழேயும் வர முடியாது.

அவர் அம்மாவிடம் திரும்பி வர நேரமாயிற்று.

"கட்டிட்டீங்களா?"

"இல்லம்மா. சொல்லிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி'ன்னா. வேற ஒண்ணும் சொல்லல."

"நெஞ்சு?"

"அடிச்சுது."

"என்ன செஞ்சீங்க?"

சுடலைமணிக்குக் காது மடல் சிவந்தது.

"மோந்துகிட்டேதாம்மா சொன்னேன். அவ பார்க்கப் பார்க்க."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே வேப்பமரத்தடியில், சாப்பிட்டவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ தொட்டிலைப் பற்றி ஏதோ சொன்னார். மறுபடி சிரிப்பு.

"அவங்க இன்னும் கிளம்பல. செண்பகம் பிள்ளையோடதுன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காங்க" என்றார் அம்மா.

சுடலைமணிக்குப் புரிந்தது. எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து வசம்பை நீட்டினார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும்மா. அவங்க முன்னால வேண்டாம்."

அம்மா கை நீட்டவில்லை.

"துண்டை இடுப்புல கட்டிக்கிடுங்க. அதை மறைக்காமக் கையில வச்சுக்கிடுங்க."