இருக்கிற இடம் தெரியாத பிள்ளை

"நல்ல சேதிதானே சொன்னேன்? அதுக்கு எதுக்கு அம்மா முகம் இப்படி வாடுது?" என்று குருவிடம் கேட்டார் ஆவுடையப்பன்.

ஆவுடையப்பன் தாலுகா ஆபீசில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு பெற்றதும் ஞானம் வேண்டும் என்று ஆற்றங்கரை மடத்துக்கு வந்து சேர்ந்தார். குரு பர்வதம்மாளுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் தியானம் கியானம் எதுவும் சொல்லித் தரவில்லை. மடத்தில் வளரும் ஆதரவில்லாத பிள்ளைகளை வளர்ப்பு வீடுகளில் விட்டால், மாதா மாதம் போய்ப் பார்த்துவரும் வேலையைக் கொடுத்தார். மனுஷருக்கு உள்ளூர வருத்தம்தான்.

இப்போது செவ்வந்தி. எட்டு வயது. ஏற்கெனவே ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். இட்லிக் கடைக் கோமதியும் அவள் புருஷனும் கூட்டிப் போய் ஒரு மாதம் ஆகிறது. மூன்று மாதம் பார்த்து மடம் நல்லபடியாக எழுதினால்தான் குழந்தைகள் நலக் குழு அவளை அங்கேயே விடும்.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார் பர்வதம்மாள்.

"தங்கமான பிள்ளை. அஞ்சு மணிக்கே எந்திரிச்சுப் பாயைச் சுருட்டிருதா. போட்டதைச் சாப்பிடுதா. தட்டை அவளே கழுவுதா. வீட்டுல அவ இருக்கிற இடமே தெரியலன்னு கோமதி சொல்லுதா."

"பாவம்."

"யாரு, கோமதியா?"

அம்மாள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

இரண்டாம் மாதம்.

"மூணு கலர்ல பாவாடை எடுத்துக் காட்டியிருக்காங்க. எது வேணும்னு கேட்டா, 'எதுன்னாலும் சரி'ங்கா. முழங்கால்ல அடிபட்டு ரத்தம். யார்கிட்டயும் மூச்சு விடலை, அவளே கழுவிக்கிட்டா. என்ன பொறுமை, என்ன பொறுமை."

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று கையில் வெங்காயம் இல்லை.

"நல்லபடியா எழுதிறலாமா?"

"இன்னும் ஒரு மாசம் இருக்கே."

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. நல்லது சொன்னால் அழுகிற குருவை வைத்துக்கொண்டு எப்படி ஞானம் அடைவது?

மூன்றாம் மாதம் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"காரியம் கெட்டுப் போச்சும்மா. பிள்ளையை இன்னைக்கே கூட்டிட்டு வந்திரணும்."

"என்னாச்சு?"

"தெருமுனையிலேயே சத்தம். 'இன்னைக்கும் இட்லியா'ன்னு தட்டைத் தள்ளிவிட்டிருக்கா. இட்லிக் கடைக்காரங்க வீட்டுல போய் இப்படிக் கேக்கலாமா?"

"கோமதி என்ன சொன்னா?"

"'ஏட்டி மூதி, மகாராணிக்கு நேரத்துக்கு ஒரு பலகாரமோ'ங்கா. வளர்க்க வந்தவ திட்டுத திட்டா அது? பெத்தவ மாதிரில்லா திட்டுதா."

"பிள்ளை அழுதாளா?"

"அழுதாளா! 'உன்கூட டூ'ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. அரை மணி கழிச்சு அவளே வந்து 'தோசை ஊத்து'ன்னு அதிகாரம் பண்ணுதா. அந்தப் பொம்பளையும் திட்டிக்கிட்டே ஊத்துதா. ரெண்டு பேருக்கும் வெக்கமே கிடையாது."

பர்வதம்மாள் சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ஆவுடையப்பன் கையிலிருந்த அறிக்கையைப் பிடுங்கி, 'செவ்வந்தி இந்த வீட்டிலேயே வளரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு மாசம் நல்ல பிள்ளையா இருந்தப்போ போடாத கையெழுத்தை..."

"சாப்பிட வாங்க, நேரமாச்சு."

மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மடத்தில் எல்லோருக்கும் தட்டுதான். ஆவுடையப்பனுக்கு மட்டும், வந்த நாள் தொட்டு, விருந்தாளிக்குப் போடுவதுபோல வாழை இலை. நாலு வருஷமாக அதைத் தனி மரியாதை என்றே நினைத்திருந்தார். பதிலுக்கு அவரும் ஒவ்வொரு நாளும் 'பிரமாதம்' சொல்லத் தவறியதில்லை.

அம்மாள் ரசம் ஊற்றினார். அம்மாள் வைத்த ரசம்தான். ஆவுடையப்பன் ஒரு வாய் வைத்தார். பிரமாதம் என்று சொல்ல வாயைத் திறந்தார். தட்டைத் தள்ளிய அந்தச் சின்னக் கை கண்முன் வந்து நின்றது.

சுற்றிலும் இருந்த தட்டுகளைப் பார்த்தார், பிறகு தன் இலையைப் பார்த்தார்.

"தப்பா நினைக்கக்கூடாது, அம்மா. இந்த ரசத்தை வாயில வைக்க முடியலை."

அம்மாள் ரசக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்பாடா" என்றார் பர்வதம்மாள். "நாளையிலேருந்து உங்களுக்கு இலை கிடையாது. தட்டை எடுத்துக்கிட்டு அடுப்படிக்கு வந்திருங்க."