துணைவேந்தரின் கள்ளிச்செடி

அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்க வந்தவள் செண்பகவடிவு ஒருத்திதான். பேராசிரியர் ரகமத்துல்லா அவள் ஒருத்திக்கே முகம் சுளிக்காமல் பாடம் நடத்திவந்தார். புதிதாக வந்த துணைவேந்தர் திருமேனிநாதன் இதைக் கேள்விப்பட்டுக் கொதித்துப்போனார். துறையை மூடிவிட்டு அவளை வணிகவியலுக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

செண்பகவடிவு நேரே அவர் அறைக்குப் போனாள்.

“ஐயா, எனக்கு இந்தப் படிப்புதான் வேணும்.”

“ஒரே ஆளுக்கு யாரும்மா ஆசையாப் பாடம் எடுப்பாங்க? உங்க வாத்தியார் சம்பளத்துக்கு எடுக்கிறார். சும்மா எடுக்கிற ஒருத்தரைக் காட்டு, துறையை மூடலை!”

அவள் கண்ணில் மேசைமேல் இருந்த கள்ளிச்செடி பட்டது. அவர் முன்பு தாவரவியல் ஆசிரியராக இருந்தவர் என்பது ஊரறிந்த சங்கதி.

“ஐயா, இதுக்கு ஏன் இலையே இல்ல?”

“யார் சொன்னது? அந்த முள்ளுதாம்மா இலை,” என்று ஆரம்பித்தார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டு, காகிதத்தில் வேரை வரைந்து, பாலைவனத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. வைத்த காபி ஆறிப்போனது.

“புரிஞ்சுதா?” என்றார் கடைசியில்.

“நல்லாப் புரிஞ்சுதுங்கய்யா. நீங்க கேட்ட ஆளையும் காட்டிட்டேன்.”

துணைவேந்தர் தான் வரைந்த காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பிலேயே கண் கலங்கியது.

“நான் பாடம் எடுத்து எத்தனையோ வருஷமாச்சும்மா,” என்றார். “போ, உங்க வாத்தியாரைக் காக்க வைக்காதே. வகுப்புக்கு நேரமாச்சு.”