செம்பியின் காதில் ஓர் ஆலோசகர்

குளக்கரை நாணல் புதரில் செம்பி என்றொரு குட்டி எலி இருந்தது. உடம்பு கட்டைவிரல் அளவுதான். ஆனால் அதன் இனத்துக்கே ஒரு பெருமை உண்டு. தண்டை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நாணல் உச்சியில் பந்து மாதிரி கூடு பின்னிவிடும்!

செம்பிக்கு இப்போது, எலிக் கணக்கில், நிறைமாதம். மழையோ இன்றோ நாளையோ என்று நின்றது. மழை பிடித்தால் குளம் பெருகித் தரையெல்லாம் மூழ்கிவிடும். அதற்குள் உச்சியில் கூடு கட்டாவிட்டால் பிள்ளைகள் பிழைக்காது. ஆனால் செம்பி இரண்டு சாண் ஏறும், தொப்பென்று விழும். அவ்வளவு சோர்வு, அவ்வளவு அரிப்பு!

"பார்த்து, தாயி, பார்த்து!" என்றது ஒரு குரல். செம்பியின் இடது காதில் குடியிருந்த உண்ணிதான் அது. செம்பிக்கு அதன்மேல் ஏக மரியாதை. காதிலேயே உட்கார்ந்து நல்லது கெட்டது சொல்கிறவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

நாலு நாளாக, எலிகளை ஆராயும் பெண் ஒருத்தி அங்கே வந்துகொண்டிருந்தாள். புதருக்குள் சின்னச் சின்னத் தகரப் பெட்டிகளை வைத்திருந்தாள். உள்ளே வேர்க்கடலை கமகமத்தது.

"கிட்டப் போயிடாதே! உள்ளே போனா உயிரோட திரும்ப மாட்டே!" என்று உண்ணி அலறியது.

அப்போது பக்கத்துப் புதர் தினைச்சி எலி துள்ளிக்கொண்டு வந்தது. அதன் முதுகில் பச்சை மையால் ஒரு பொட்டு.

"செம்பியக்கா! நேத்து நான் பெட்டிக்குள்ள போனேன். அந்தம்மா என்னை நிறுத்துப் பார்த்தாங்க. உண்ணி, தெள்ளுப்பூச்சி எல்லாத்தையும் பொறுக்கிக் குப்பியில போட்டுக்கிட்டு, பிடிச்ச இடத்துலயே விட்டுட்டாங்க. இப்ப அரிப்பே இல்லை!"

"முதுகுல சாயத்தைப் பூசி அனுப்பியிருக்காங்க, இதுல பெருமை வேற!" என்று உண்ணி முகம் சுளித்தது.

செம்பி தண்ணீர் குடிக்கக் குனிந்தது. குளத்துக்குள் எலும்பும் தோலுமாக ஒரு முகம் தெரிந்தது. அதன் காதில் மிளகு மாதிரி ஓர் உருண்டை!

"மாமா, வந்தப்ப கடுகாட்டம் இருந்தீங்க. நான் இளைச்சுக்கிட்டே போறேன், நீங்க மட்டும் எப்படிப் பெருத்தீங்க?"

"அது... உன்னை நினைச்சுக் கவலைப்பட்டே வீங்கிப்போச்சு, தாயி!"

செம்பிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. நேராகப் பெட்டிக்குள் நடந்தது. கதவு டப்பென்று மூடியது.

"பாவி, கெடுத்தியே!" என்று உண்ணி கத்தியது.

"பயமாத்தான் இருக்கு. ஆனா கடலை ருசியா இருக்கு!" என்றது செம்பி, வாய் நிறைய.

அந்தப் பெண் செம்பியைத் துணிப்பையில் போட்டு நிறுத்தாள். "ஏழு கிராம்! உன் உடம்புக்கு இத்தனை பெரிய உண்ணியா!" என்றபடி இடுக்கியால் அதைப் பக்குவமாகப் பிடுங்கினாள். நோட்டில் ஏதோ எழுதினாள். பச்சைப் பொட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டாள். ஒரு நொடிதான் வலித்தது. அப்பாடா, எவ்வளவு நிம்மதி!

மூன்றே நாளில் செம்பிக்குத் தெம்பு வந்தது. சரசரவென்று ஏறிக் கூட்டைப் பின்னி முடித்தது. நாலாம் நாள் மழை கொட்டியது. கீழே வெள்ளம் ஓட, மேலே ஐந்து குட்டிகள் ஈரம் படாமல் தூங்கின. செம்பி சந்தோஷத்தில் வாலை ஆட்டி ஆட்டிப் பாடியது.

குப்பிக்குள் கிடந்த உண்ணியோ, "அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்!" என்று பக்கத்திலிருந்த தெள்ளிடம் புலம்பிக்கொண்டிருந்தது.

ஒருவர் புத்தி சொன்னால், அதனால் யார் வயிறு நிறைகிறது என்று பார்த்த பிறகே அதற்குக் காது கொடுக்க வேண்டும்.