சிங்கத்தின் வாயில் வந்த தண்ணீர்

முன்னொரு காலத்திலே வெண்கரை நாட்டை வாணவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மத்தியானச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடுவான். மற்றபடி நல்லவன்தான்.

பக்கத்து நாட்டில் அண்ணனும் தம்பியும் சிம்மாசனத்துக்கு அடித்துக்கொண்டதில் ஊர் ஊராக எரிந்தது. இடுப்பில் பிள்ளையும் தலையில் பானையுமாக ஜனங்கள் ஆற்றைத் தாண்டி ஓடிவந்து, வெண்கரையில் வெட்டவெளியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வேறு. மழைக்காலம் இதோ அதோ என்று நின்றது.

"பாவம், குடிசை போட்டுக் கொடுங்கள்" என்றான் ராஜா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உப்பரிகையிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கவேண்டும்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

அழகு என்றதும் பிரதானி திருமேனிநாதருக்கு உச்சி குளிர்ந்தது. மந்திரி தையல்நாயகிமேல் அவருக்கு நெடுநாள் புகைச்சல். ஒரு பெண்பிள்ளை பேச்சை ராஜா கேட்பதா? அன்றைக்கே பட்டுத்துணியில் படம் வரைந்துவந்து சபையில் விரித்தார். வற்றிக் கிடந்த ஏரிக்குள் தாமரைப்பூ வடிவத்தில் குடிசைகள். மேட்டு ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, நடுவிலே ஒரு கல் சிங்கத்தின் வாய்வழியே தண்ணீர். கழிப்பிடமா? அது ராஜா கண்ணில் படக்கூடாதே. எங்கோ மேட்டில், வாய்க்கால் ஓரமாக, வரிசையாகக் குழிகள். கதவில்லை, மறைப்பில்லை.

"மன்னா, ஏரி தண்ணீர் தங்குகிற இடம். அங்கே மனுஷரைத் தங்கவைத்தால்..." என்று மந்திரி ஆரம்பித்தாள்.

"எதற்கெடுத்தாலும் ஒரு குறை! இனிமேல் இதில் குறை சொன்னால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போ!"

பிரதானி மீசைக்குள் சிரித்தார்.

"குறை சொல்லவில்லை மன்னா. பால் காய்ச்சுவது என்றைக்கு?"

அது வெண்கரை வழக்கம். மனை கட்டியவர் குடும்பத்தோடு வந்து பால் காய்ச்சி, விளக்கு வைக்கும்வரை அங்கேயே புழங்கவேண்டும். முடிவில் ராஜா வந்து அந்த மனைத் தண்ணீரை ஒரு செம்பு குடிக்கவேண்டும். அப்புறம்தான் மற்றவர் குடியேறலாம்.

"ஆகா, விழா!" என்று துள்ளினான் ராஜா. "பிரதானியாரே, குடும்பத்தோடு கிளம்பும்!"

குடிசைகள் எழும்பின. விழா நாளில் தோரணம் கட்டி, மேளம் வைத்து, குடிசை கிடைக்கப்போகிற ஜனங்களையும் விழா பார்க்கக் கூட்டிவந்தார்கள். பிரதானி மனைவி ஆனந்தவல்லி பட்டுப்புடவையில் வெள்ளிக்குடத்தோடு சிங்கத்தின் வாயை நோக்கி நடந்தாள்.

"அக்கா, வரிசையில வாங்க" என்றாள் ஓடிவந்தவர்களில் ஒருத்தி. சடைச்சி என்று பெயர். "ஊருக்கே ஒரு வாய்தான் வச்சிருக்காங்க."

"இதை யாரு வரைஞ்சது தெரியுமா?"

"தெரியாது. ஆனா அந்தாளு ஒரு நாளும் குடம் தூக்கினதில்லைன்னு தெரியுது."

பிரதானி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பால் பொங்குவதற்குள் உச்சிவெயில் வந்துவிட்டது. அதற்குள் அவருடைய அம்மா நெளிய ஆரம்பித்தாள்.

"ஏங்க, அத்தைக்குப் போகணுமாம். எங்க கூட்டிட்டுப் போறது?"

பிரதானி மேட்டைக் காட்டினார். மேடு முழுக்க வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

"அங்கயா? கதவே இல்லாம?" ஆனந்தவல்லியின் குரலில் மேளம் அடங்கிவிட்டது. "பூ வரைஞ்சீங்க, சிங்கம் வரைஞ்சீங்க. பொம்பளைங்கன்னு ஒரு ஜாதி இருக்கறது ஞாபகம் வரலையா?"

சடைச்சிதான் நாலு பெண்களைக் கூப்பிட்டுப் புடவைகளை விரித்துப் பிடித்துக் கிழவியைக் காப்பாற்றினாள். பிரதானிக்குக் காது சிவந்தது. இருந்தாலும் மந்திரி ஒரு வார்த்தை பேசாமல் குடை பிடித்து நிற்கிறாளே, ஜெயித்தது நாம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் வேலையாட்கள் புழங்கிய குழிகள் நிரம்பி, வழிந்து, அலுங்காமல் வாய்க்காலில் இறங்கின. சடைச்சி குடத்தை முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்து அப்படியே தரையில் கவிழ்த்தாள். பிரதானி அதைப் பார்த்தார். சிங்கத்தின் வாயையும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ராஜா பல்லக்கில் வந்து இறங்கினான். "எங்கே என் செம்பு?"

யாரோ ஒரு சேவகன் சிங்கத்தடியில் பிடித்துக் கொடுத்தான். ராஜா அண்ணாந்தான்.

சும்மா இருந்தால் ராஜாவுக்கு வாந்திபேதி. வாயைத் திறந்தால் மானம் போகும். பிரதானி ஒரு கணம் தவித்தார். பிறகு பாய்ந்து செம்பைத் தட்டிவிட்டார்.

"குடிக்காதீங்க மன்னா! அது... அது நல்ல தண்ணியில்ல!"

மந்திரி குடையை மடக்கினாள். "ஏன் பிரதானியாரே? இந்த ஜனங்கள் தினமும் குடிப்பதற்கென்று நீங்கள் விட்ட தண்ணீர்தானே?"

அதற்குள் தண்ணீர் ராஜாவின் கணுக்காலைத் தொட்டது. தாமரைப்பூ மெதுவாக முழுகிக்கொண்டிருந்தது.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றினான். "தையல்நாயகி, நீ ஒரு குறைகூடச் சொல்லாமல் எல்லாக் குறையையும் சொல்லிவிட்டாய். இந்தா. வேறென்ன வேண்டும்?"

"இன்றைக்குக் கோயில் மண்டபங்களையும் யானைக்கொட்டாரத்தையும் இவர்களுக்குத் திறந்துவிடுங்கள். மேட்டு நிலம் கொடுங்கள். கிணறு எங்கே, கழிப்பிடம் எங்கே, கதவு எந்தப் பக்கம் என்று இந்தப் பெண்கள் சொல்லட்டும்."

"அப்படியே ஆகட்டும். குழி வெட்டுவது பிரதானியார்."

மறுவாரமே மேட்டில் வேலை ஜரூராக நடந்தது. கிணற்றுக்குக் கீழ்ப்புறம், வெகு தள்ளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரதானி மண்வெட்டி பிடித்தார். கரையில் சடைச்சியும் ஆனந்தவல்லியும் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"போதுமா?" என்று குழிக்குள்ளிருந்து கேட்டார்.

ஆனந்தவல்லி சடைச்சியைப் பார்த்தாள். சடைச்சி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் தலை இன்னும் தெரியுதே அக்கா."

"கேட்டுச்சா? வெட்டுங்க" என்றாள் ஆனந்தவல்லி.