முட்டுக் கொடுத்த லத்தி

கதவுக்கும் ஜன்னலுக்கும் வாய் இருந்த ஊர் ஒன்று இருந்தது. அந்த ஊரில் திருட்டுக்குப் பேர்போனவன் கடப்பாரை. அவனிடமிருந்து வீடுகளைக் காப்பதற்காக ஊரார் சில லத்திகளைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். லத்திகளுக்குத் தலைவர் பூணார். முனையில் பித்தளைப் பூண் போட்டவர். நடந்தால் அந்தச் சத்தமே தெருவை அடக்கிவிடும்.

காவலுக்குப் புதிதாகச் சேர்ந்தவன் ஏழுகணு. மூங்கில் வாசனைகூட இன்னும் போகவில்லை. வேலைக்கு வந்த புதிதில் ஒரு சாயங்காலம் தகரத் தெருவில் ரோந்து போனான். கூலி வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் தெரு அது. காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. அவன் கடந்துபோகும்போது பக்கத்தில் ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது. ஏழுகணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்ன ஏது என்று பார்க்கவில்லை. ஓங்கி ஒன்று போட்டான்.

அடிபட்டவள் பூவரசி. பூவரசம் பலகையில் செய்த ஒற்றைக் கதவு ஜன்னல். அவளுடைய கீழ்க்கீல் தெறித்து விழுந்தது. பலகை ஒரு பக்கம் கோணிக்கொண்டு தொங்கியது.

மறுநாள் முதல் தகரத் தெருவில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. உள்ளே அடுப்புப் புகை சுற்றிச் சுற்றி வந்தது. புழுக்கம் தாங்க முடியவில்லை. அப்படியும் திறக்கவில்லை. அந்த வாரமே கடப்பாரை பட்டப்பகலில் வந்து ஒரு வீட்டை உடைத்துத் திருடிக்கொண்டு போனான். எதிர்வீட்டுக் கதவு அத்தனையும் பார்த்தது. வாயைத் திறக்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "கூப்பிட்டா லத்தி வரும். வந்து யாரை அடிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றது.

விஷயம் பெரிதாகி, சந்தை மைதானத்தில் ஊர் கூடியது.

முதலில் பேசியவர் தேக்கையா. பெரிய தெருவில் ரெட்டைக் கதவாக நிற்பவர். வாரம் தவறாமல் எண்ணெய் பூசிக்கொள்கிறவர். "எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா லத்திங்க என் வாசல் வழியாத்தான் போறாங்க. என் மேல ஒரு கீறல் உண்டா? ஒழுங்கா இருக்கிறவங்க எதுக்குப் பயப்படணும்?" என்றார்.

தகரம்மா எழுந்தாள். பூவரசிக்குப் பக்கத்து வீட்டுத் தகரக் கதவு. உடம்பெல்லாம் நெளிசல். "ஐயா சொல்றது சரிதான். உங்க வீட்டுக்கு வந்தா அவங்க மணியை அழுத்துறாங்க. எங்க வீட்டுக்கு வந்தா எங்களையே அடிக்கிறாங்க. மணி வைக்க எங்களுக்கு வசதியில்ல" என்றாள். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. தேக்கையாகூட வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

பூணார் சிரிக்கவில்லை. "கடப்பாரை சொல்லிட்டா வர்றான்? கண்ணை மூடித் திறக்கிற நேரத்துல நாங்க முடிவு பண்ணணும். தயங்கி நின்ன லத்தியை அவன் ரெண்டாப் பிளந்திருக்கான். அதை யாரும் இங்கே பேசலையே" என்றார். அதில் பொய் இல்லை. போன வருஷம் அப்படி ஒரு லத்தி செத்துப்போயிருந்தான்.

கோணிய பலகையோடு பூவரசி பேசினாள். "அந்தக் கண்ணை மூடித் திறக்கிற நேரத்துல பெரிய தெருவுல காத்து அடிச்சா உங்களுக்குக் காத்தாத்தான் தெரியுது. எங்க தெருவுல அடிச்சா மட்டும் கடப்பாரையாத் தெரியுது. அது ஏன்னு சொல்லுங்க, போதும்."

பூணார் குனிந்து தன் பித்தளைப் பூணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ லத்தியே வேண்டாம்னு சொல்லிடலாமா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

"அது எப்படி?" என்றாள் தகரம்மா. "எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தாழ்ப்பாள். கடப்பாரை வந்தா நான் என்ன பண்ணுவேன்? கூப்பிட்டாலும் பயம், கூப்பிடாட்டியும் பயம். அதுதான் எங்க கஷ்டம்."

பொழுது சாயும்வரை பேசினார்கள். ஒன்றும் முடிவாகவில்லை. லத்திகள் ஒரு பக்கமாகப் போனார்கள், கதவுகள் ஒரு பக்கமாகப் போயின. "நம்ம ஆளுகளை நாமதான் விட்டுக்கொடுக்கக் கூடாது" என்று பூணார் ஏழுகணுவின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு அவனுக்கு உறுத்தியது.

மறுநாள் காலை அவனுக்கு ஓய்வு. நேரே தகரத் தெருவுக்குப் போனான். அவன் நிழலைப் பார்த்ததும் தெரு முழுக்கத் தாழ்ப்பாள் விழும் சத்தம். பூவரசியின் முன்னால் போய் நின்று, மெதுவாகத் தட்டினான். மெதுவாகத் தட்டுவது அவனுக்குப் பழக்கமில்லை. முதல் தட்டு காற்றோடு போய்விட்டது. இரண்டாவது தட்டுக்கு உள்ளிருந்து, "யாரு?" என்று குரல் வந்தது.

அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் திணறினான். "ஏழுகணு. அன்னிக்கு உன்னை அடிச்சவன்."

"இன்னிக்கு எதுக்கு வந்தே?"

"அன்னிக்கு நான் பயந்துட்டேன். நீ யாருன்னு பார்த்திருக்கணும், பார்க்கல. தப்பு என்னோடது. உன்னால இப்போ திறந்து நிக்க முடியல இல்ல?"

"கீல் போனா எப்படி நிக்க முடியும்? திறந்தா தானா வந்து மூடிக்குது."

"கீல் போடுறவரைக்கும் நான் அடியில முட்டுக் கொடுக்கிறேன்."

பூவரசியின் பலகை ஒரு விரல்கடை திறந்தது. அப்புறம் பாதி. ஏழுகணு அடியில் போய் நின்று தாங்கிக்கொண்டான். உள்ளே அடைந்து கிடந்த புகை குபுகுபுவென்று வெளியே வந்தது. "அப்பாடா" என்றாள் பூவரசி.

அன்று முதல் ரோந்து முடிந்ததும் அவன் அங்கே வந்துவிடுவான். நின்ற இடத்திலிருந்து தெருவைப் பார்த்தான். எந்தக் கதவு காற்றுக்கு ஆடும், எது எண்ணெய் இல்லாமல் கிறீச்சிடும் என்றெல்லாம் பழகிப்போயிற்று. முதலில் முகம் திருப்பிக்கொண்ட கதவுகள், "அவளுக்கு மட்டும்தானா? எனக்கும் கொஞ்சம் வந்து நில்லேன்" என்று கேலி பேசின. மற்ற லத்திகள் அவனை, "ஜன்னல் குச்சி" என்றார்கள். அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம், தெரு கண்ணயர்ந்திருந்த நேரம், கடப்பாரை வந்தான். நேரே தகரம்மாவின் நிலைச்சட்டத்தில் மூக்கை நுழைத்தான். தகரம்மா பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் பார்த்தாள். வெயிலில் முட்டுக் கொடுத்தபடி ஏழுகணு நின்றிருந்தான்.

"ஏழுகணு, கொஞ்சம் இங்கே வாப்பா" என்றாள்.

"நான் போனா நீ மூடிக்குவியே" என்றான் அவன் பூவரசியிடம்.

"பரவாயில்ல, போ."

ஏழுகணு ஓடிப்போய் ஓங்கவில்லை. நிலைக்கும் கதவுக்கும் குறுக்கே விழுந்து தாழ்ப்பாளாகப் படுத்துக்கொண்டான். கடப்பாரை நெம்பினான். ஒரு கணு விரிந்தது. ஏழுகணு அசையவில்லை. அதற்குள் பூவரசி சத்தம் போட்டாள். எத்தனையோ நாளாகப் பூட்டிக் கிடந்த தெரு படபடவென்று திறந்துகொண்டது. இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. நடுவில் கடப்பாரை கரும்பு மெஷினில் விட்ட கரும்பு மாதிரி மாட்டிக்கொண்டான்.

சத்தம் கேட்டுப் பூணார் மற்ற லத்திகளோடு ஓடிவந்தார். கடப்பாரையைப் பார்த்தார், விரிந்த கணுவைப் பார்த்தார்.

"பலே. எத்தனை அடி அடிச்சே?"

"அடிக்கல."

"அடிக்காம எப்படிப் பிடிச்சே? அவன் வந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"கூப்பிட்டாங்க" என்றான் ஏழுகணு. "பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க."