ரொசாரியோவின் மீன்வாய்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. இப்போதே கேட்காதீர்கள். அது கரையிலிருந்து வர வேண்டும், கொஞ்சம் நேரமாகும்.

டெல்வினுக்கு எல்லாக் குரலும் வரும். பாதிரியார் இருமுவார், ஏலக்காரர் கத்துவார், எல்லாம் அவன் தொண்டைக்குள்ளேதான். கடலோரக் காவல்படையின் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். ஓட்டமும் மருத்துவச் சோதனையும் பாக்கி. அந்தப் படையில் முக்குளிப்பவரான கஸ்பார் விடுப்பில் ஊருக்கு வந்திருந்தார். தினமும் காலையில் அவரிடம் பயிற்சி.

"சார், படைக்குள்ள போறதுக்கு முக்கியமா என்ன தெரியணும்?"

"முங்கிச் சாகுறவனைப் பார்த்தா அடையாளம் தெரியணும்."

"இது ஒரு வித்தையா?" டெல்வின் மணலில் விழுந்து புரண்டான். "ஐயோ, மாதாவே! காப்பாத்துங்க!"

கருவாடு காயப்போட்ட பெண்கள் சிரித்தார்கள். கஸ்பார் சிரிக்கவில்லை.

"இப்படிக் கத்துறவனுக்கு இன்னும் நேரம் இருக்கு. வேற?"

"எங்கண்ணன் ரொசாரியோவோட மீன்வாய் இருக்கு சார். சாகுற அன்னைக்குக் காலையில தண்ணியில கெடந்து செஞ்சு காட்டினான்."

தலையைப் பின்னால் சாய்த்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான். இல்லாத ஏணியில் ஏறுகிறவனைப் போல இரண்டு கையாலும் காற்றை அமுக்கினான். சத்தமே இல்லை.

"நானும் கரையில நின்னு அப்படியே திருப்பிச் செஞ்சேன் சார். சிரிச்சுக்கிட்டே வலை எடுக்கப் போயிட்டேன். மத்தியானம்தான் கிடைச்சான், கால்ல வலை சுத்தி. பக்கத்துலதானே நின்னேன், ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா? வீம்பு பிடிச்ச பய. ஆனா கடைசியா அவன் சிரிக்க வச்சது இது, விட்டுர முடியுமா? ஊர்ல கேட்டா செஞ்சு காட்டுவேன்."

கஸ்பார் சட்டையைக் கழற்றி மணலில் போட்டார்.

"அதனாலதான் சார் சேரணும்கேன். கூப்பிட்டா போறதுக்கு ஒரு ஆள் வேணும்லா?"

"தண்ணிக்குள்ள வா."

கால் எட்டாத இடத்துக்குக் கூட்டிப்போனார்.

"நீந்தாதே. காலை ஆட்டாதே. அந்த மீன்வாயைச் செய்."

செய்தான். முகம் முங்கியது, மேலே வந்தது. கை தானாகவே தண்ணீரை அமுக்கியது.

"இப்ப என் பேரைச் சொல்லிக் கூப்பிடு."

வாயைத் திறந்தான். மூச்சு இழுக்கத்தான் நேரம் இருந்தது. முங்கினான். மறுபடி திறந்தான். மறுபடியும் மூச்சு மட்டும்தான். மூன்றாம் தடவை உப்புத் தண்ணீர் உள்ளே போனது. எல்லாக் குரலும் வரும் அந்தத் தொண்டையில் ஒரு 'க' கூட வரவில்லை.

அப்போது கரையில் சிரிப்பு எழுந்தது.

"எலேய், டெல்வின் மீன்வாய் போடுதான் பாருங்க!"

கருவாட்டுப் பெண்களில் ஒருத்தி தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து மூடி, அவனுக்கு அப்படியே திருப்பிச் செய்து காட்டினாள்.

கஸ்பார் அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தார். டெல்வின் இருமினான். கண் மட்டும் கரையை விட்டு நகரவில்லை.

"சார்... அன்னைக்கு அவன்..."

"கூப்பிட்டான்," என்றார் கஸ்பார்.