குளியலறையில் மாட்டிய பெரிய மனுஷர்

டாலஸ் நகரத்தில் ரகோத்தமன் என்று ஒரு பெரிய மனுஷர். இன்சூரன்ஸ் கம்பெனியில் யாருக்கு ஆபரேஷன் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்கிற உத்தியோகம். அவர் வீட்டில் சமைக்கிறவள் செண்பகவல்லி.

அவள் புருஷனுக்குக் கண்ணில் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வையே போய்விடும் என்றார் டாக்டர். அவனுக்கு இன்சூரன்ஸ் ஐயாவின் கம்பெனியில்தான். செண்பகம் ஐயாவிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"முதல்ல ஆறு வாரம் சொட்டு மருந்து போடட்டும். முறைன்னு ஒண்ணு இருக்கும்மா" என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் ஹால் நிறைய விருந்தாளிகள். குளியலறைப் பூட்டு மக்கர் பண்ணி, உள்பக்கமிருந்து திறக்க வராமல் ஐயா மாட்டிக்கொண்டார்.

"செண்பகம், கதவைத் திற!"

"வெளியே வர்றது அவசியந்தானுங்களா ஐயா?"

"என்ன கேள்வி இது? மூச்சு முட்டுது!"

"அப்ப முதல்ல ஆறு வாரம் ஜன்னலைத் திறந்து வச்சுப் பாருங்க. சரியாகலேன்னா கதவைப் பத்தி யோசிப்போம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

ஹாலே சிரித்தது. உள்ளேயிருந்து ஐயா கதவைத் தடதடவென்று தட்டினார்.

"சரி தாயே, நாளைக்கே ஆபரேஷன் பண்ணச் சொல்லிடறேன்."

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று விருந்தாளிகளைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மடியிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தாள்.

வியர்த்து வழிய வந்தவர், "சாவியைக் கையில வச்சுக்கிட்டா இத்தனை பேச்சுப் பேசினே?" என்றார்.

"நீங்களும் வச்சுக்கிட்டுத்தானே ஐயா பேசினீங்க?"